குதிரைக்கு மாட்டு உண்ணி மருந்து போட்டு ரெண்டு ராத்திரி பட்ட பாடு, குதிரை வெச்சிருக்கவங்க படிச்சிருங்க

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேங்க. கடுப்புல எழுதினா வாய்ல வேற வார்த்தை வந்துரும்னு தள்ளிப் போட்டேன், இப்ப எங்க செவலைக் குதிரை நல்லா கொள்ளு தின்னுட்டு நிக்குது, அதனால பொறுமையா எழுதுறேன்.

போன ஆடிக்கு அந்தியூர் குதிரைச் சந்தைக்கு போயிருந்தேன், பிடிச்சதெல்லாம் விலை எட்டல, வேடிக்கை பாத்துட்டு வெறுங்கையோட வந்துட்டேன். கார்த்திகைல ஒரு புரோக்கர் போன், "தம்பி, மார்வாடி ஜாதி கலப்பு பொட்டைக் குதிரை, நாலு வயசு, சுழி சுத்தம், வந்து பாருங்க"ன்னு. போய் பாத்தா உடம்பு பளபளன்னு எண்ணெய் தடவி நிக்குது, கிட்ட போனா வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசம், பிடரி மயிர ஒட்ட வெட்டி விட்டிருக்காங்க. ஏங்கண்ணா பிடரிய வெட்டினீங்கன்னு கேட்டேன், "வெட்டினாத்தான் தம்பி அடர்த்தியா வளரும்"னாரு. நானும் தலைய ஆட்டிட்டு நெத்திச் சுழி, கழுத்துச் சுழி, கால் லாடம், பல்லுன்னு அரைமணி நேரம் பாத்தேன். தோல மட்டும் பாக்கல. நம்மாளுங்க குதிரை பாக்குற லட்சணம் இதுதான், சுழிக்கு ஜோசியரையே கூட்டிட்டு போவோம், மயிர விலக்கி உள்ள பாக்க மாட்டோம். 85 ஆயிரம் குடுத்து பிக்கப்ல ஏத்திட்டு வந்துட்டேன்.

பத்து நாள் போச்சு, எண்ணெய் வாசம் போச்சு, ஆட்டம் ஆரம்பிச்சுது. லாயத்து தூண்ல கழுத்த தேய்க்குது, வேப்பமரத்துல வால தேய்க்குது, வால் அடி மயிரெல்லாம் உடைஞ்சு எலி வால் மாதிரி ஆயிருச்சு, கழுத்துல அங்கங்க சொட்டை, பொடுகு கொட்டுது. புரோக்கருக்கு அடிச்சா "சூட்டு உடம்பு தம்பி, மோர ஊத்தி தேய்ங்க"ங்கறாரு. மார்கழி குளிர்ல என்னங்க சூடு? மறுநாளும் அடிச்சேன், எடுக்கல. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல.

சரின்னு பக்கத்து டவுன்ல ஒரு கால்நடை மருந்துக்கடைக்கு போனேன். கடைல நின்ன பையன்கிட்ட குதிரைக்கு அரிப்பு, உண்ணியோ பேனோ தெரியலன்னு தெளிவா சொன்னேன். "அண்ணா இதுதான் மாட்டுக்கு எல்லாரும் வாங்குறது, தண்ணில கலந்து ஸ்பாஞ்ச்ல தேய்ச்சு விட்டுருங்க, ஒரு பூச்சி நிக்காது"ன்னு ஒரு பாட்டில நீட்டினான். பில் கேட்டேன், சின்ன பாட்டிலுக்கு என்னண்ணா பில்லுன்னு சிரிச்சான். நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன், அந்த சிரிப்புக்கு அப்புறம் 14,500 ரூபா செலவாச்சு.

சாயங்காலம் உடம்பு பூரா தேய்ச்சு விட்டேன். காலைல பாத்தா தலைய தொங்கப்போட்டு தூங்கி வழியுது, நடக்க விட்டா பின்னங்கால் தள்ளாடுது. மருந்து வீரியம்போலன்னு நெனச்சேன் (என் புத்திய என்ன சொல்ல). அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சாணி போடுறது நின்னுபோச்சு, முன்னங்கால தரைல பறிக்குது, திரும்பித் திரும்பி வயித்த பாக்குது, படுக்குது எந்திரிக்குது, உருளப் பாக்குது. எங்க மாமா ரிட்டையர்டு கவர்மென்ட் கால்நடை டாக்டர் ஒருத்தர வண்டில கூட்டிட்டு வந்தாரு. டாக்டர் ரெண்டு விலாவுலயும் ஸ்டெதஸ்கோப் வெச்சு ரொம்ப நேரம் கேட்டாரு, குடல் சத்தமே இல்லைன்னாரு. எதாச்சும் போட்டீங்களான்னு கேட்டு, பாட்டில வாங்கி கண்ணாடிய மாட்டி படிச்சாரு பாருங்க, அவரு மூஞ்சியே மாறிருச்சு. அமிட்ராஸ். மாட்டுக்கும் நாய்க்கும் போடுற மருந்து, குதிரைக்கு மட்டும் ஆகவே ஆகாது, குடல் அசைவையே நிறுத்திப்புடும், உள்ள இருக்குறது அப்படியே கெட்டியாகி அடைச்சுக்கும், குதிரைக்கு வாந்தியும் வராது, அதனால எந்தப் பக்கமும் வழியில்லைன்னாரு.

முதல்ல சோப்பு போட்டு கழுவ வெச்சாரு. அப்புறம் மூக்கு வழியா ட்யூப் விட்டு லிக்விட் பாரபின் (அடைப்ப இளக்குற எண்ணெய்), வலிக்கு ஊசி, டிரிப் மேல டிரிப். தீனி கூடாது, உருள விடக்கூடாதுன்னு நானும் என் தம்பியும் மாத்தி மாத்தி மெதுவா நடத்துனோம், ரெண்டு ராத்திரி கண்ணு மூடல. மூணாம் நாள் விடியக்காலம் எண்ணெய் பூசின மாதிரி நாலு உருண்டை சாணி போட்டுச்சு, சாணிய பாத்து அழுத ஆளு நானாத்தான் இருப்பேன்.

அதுக்கப்புறம்தான் டாக்டர் முதல்ல இருந்த அரிப்பு எதனாலன்னு பாத்தாரு. நல்ல வெயில்ல நிறுத்தி பிடரி அடில மயிர விலக்கி, கீழ வெள்ளைப் பேப்பர் வெச்சு சீப்பால சீவினாரு. நான் உடம்புக்கு தேய்ச்சேனே ஒழிய பிடரி அடிக்கு சரியா தேய்க்கல, அங்க பேன் உயிரோட ஓடுது. தோலை ஒட்டி மயிர்ல ஈறு, அதாவது பேன் முட்டை, பசை போட்டு ஒட்டின மாதிரி, ஊதினாலும் தட்டினாலும் போகல, பொடுகுன்னா உதிர்ந்துரும். குதிரைப் பேன்ல ரெண்டு ஜாதியாம். ஒண்ணு தோல் செதில கடிச்சு திங்கறது, தலை அகலமா மழுங்கலா இருக்கும், இன்னொண்ணு ரத்தம் உறிஞ்சறது, தலை கூர்மையா இருக்கும், ஆளும் கொஞ்சம் பெருசு. லென்ஸ்ல காட்டினாரு, எங்களது கடிக்கிற ஜாதி. இத தெரிஞ்சுக்கறது எதுக்குன்னா, ஐவர்மெக்டின் ரத்தத்துல கலந்து வேலை செய்யுற மருந்து, உறிஞ்சற பேனுக்கு நல்லா கேக்கும், கடிக்கிற பேனுக்கு அவ்வளவா கேக்காது. அதனால எங்களுக்கு குதிரைக்கு ஆகும்னு பாத்து பெர்மெத்ரின் மருந்து எழுதிக் குடுத்தாரு. மாட்டுக்கு போடுற ஐவர்மெக்டின் ஊசிய யாராவது குதிரைக்கு போட வந்தா விடாதீங்க, தசை அழுகிப்போக வாய்ப்பிருக்கு, குதிரைக்கு வாய்ல குடுக்குற பேஸ்ட் தனியா வருதுன்னாரு.

ஒரு தடவை போட்டா முடியாது. மருந்து ஈற கொல்லாது, அது பொரிச்சு வர்றதுக்காக 14 நாள் கழிச்சு திரும்ப போடணும். கொட்டகைல மட்டக்குதிரை ஒண்ணு இருக்கு, அது சொறியவே இல்ல, அதுக்கும் சேத்தே போட்டோம். சேணத்துக்கு அடில போடுற துணி, பிரஷ், சீப்பு எல்லாம் சுடுதண்ணில அலசி வெயில்ல காய வெச்சோம். எங்கம்மா வேற பேத்திக்கு பேன் ஏறிடும்னு தெனம் ஈருளிய எடுத்துட்டு உக்காந்துட்டாங்க, குதிரைப் பேன் மனுசங்க மேல தங்காதும்மான்னு டாக்டரே போன்ல சொல்லியும் கேக்கல.

இன்னொண்ணு, முன்னங்கால் மயிர்ல மஞ்சளா எள்ளு மாதிரி ஒட்டியிருந்தா அது ஈறு இல்லீங்க, ஒரு வகை ஈயோட முட்டை, குதிரை நக்கும்போது புழு வாய்க்குள்ள போய் வயித்துல தங்கிரும். காதுக்குள்ள, தொடை இடுக்குல இருந்தா உண்ணியா பாருங்க, அதோட காய்ச்சல், சிவப்பா மூத்திரம்னு இருந்தா ஒரு நாள்கூட தள்ளாம ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. காலை மட்டும் உதைச்சுக்கிட்டே இருந்தா சொறிப்பூச்சியா இருக்கலாம், அதுக்கு தோல சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாக்கணும். நாமக்கல்ல கால்நடை காலேஜ் இருக்கு, அவசரத்துக்கு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962 இருக்கு, மருந்துக்கடைக்காரன் டாக்டர் இல்ல.

கடைக்கு போய் சண்டை போட்டேன். "அண்ணா நீங்க குதிரைன்னு சொல்லவே இல்லையே"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். பில்லும் இல்ல, சாட்சியும் இல்ல, என்ன பண்ண முடியும்.

புரோக்கர் இன்னும் போன் எடுக்கல. ஆனா நேத்து அவரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரு வெள்ளைக் குதிரை வீடியோ, சுழி சுத்தம், ராசியானதுன்னு போட்டிருக்காரு. உடம்பெல்லாம் எண்ணெய், பிடரி ஒட்ட வெட்டியிருக்கு.