பீரியட் ஜட்டி: 9, 10 வயதுப் பெண் இருக்கும் வீட்டில் வாங்கலாமா?

மார்பு அரும்பத் தொடங்கியதிலிருந்து முதல் மாதவிடாய் வர ஏறக்குறைய 2, இரண்டரை வருடம் ஆகும். வெள்ளைப்படுதல் தெரிய ஆரம்பித்துவிட்டால் இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோதான் என்று எண்ணிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு 12 வயதை ஒட்டி வருகிறது. 9இல் வந்தாலும் 15இல் வந்தாலும் இயல்புதான். இதற்குமேல் யாராலும் நாள் குறித்துத் தர முடியாது. வகுப்பிலா, தூக்கத்திலா, விளையாடும்போதா என்று தெரியாத இந்தக் காத்திருப்புக் காலத்துக்கு, பேடு இல்லாமலே உதிரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பீரியட் ஜட்டி அருமையான பொருள். வந்த பிறகு மூன்றாம் நாளுக்கு மேலும் நன்றாக உதவும். ஆனால் உதிரம் அதிகம் போகும் முதல் இரண்டு நாளையும் இது ஒன்றே தாங்கும், 12 மணி நேரம் மாற்றவே வேண்டாம் என்றெல்லாம் அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

பார்க்க சாதாரண ஜட்டி மாதிரிதான் இருக்கும். வித்தியாசமெல்லாம் கவட்டுப் பகுதியில். உடம்பைத் தொடும் மேல் துணி ஈரத்தைக் கீழே இறக்கிவிடும். நடுவில் உறிஞ்சும் துணி, பெரும்பாலும் பருத்தியோ மூங்கில் விஸ்கோஸோ, ஒன்றோ இரண்டோ அடுக்கு. அதற்கும் கீழே பாலியூரித்தேன் என்ற நீர் புகாத பிளாஸ்டிக் பூசிய மெல்லிய துணி. கசிவைத் தடுப்பது இதுதான். இந்தக் கடைசி அடுக்கு எங்கே முடிகிறது என்பதை வைத்தே பாதி மதிப்பெண் போட்டுவிடலாம். பின்பக்கம் நடுவிலேயே நின்றுவிட்டால் இரவில் மல்லாந்து படுக்கும் பிள்ளைக்கு உதவாது. இரவுக்கென்று வாங்கினால் இடுப்புப் பட்டி வரை அடுக்கு ஏறியிருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தாலே தடிமன் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

'30 மில்லி உறிஞ்சும்' என்பது போன்ற எண்களை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மாதவிடாயில் மொத்தமாகப் போகும் உதிரமே சராசரியாக 30, 40 மில்லிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள். முதலில் ஜட்டியை ஒரு முறை அலசிக் காயவையுங்கள். புதுத்துணியின் பூச்சு போகாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே உருளும், பொருள் மட்டம் என்று தோன்றிவிடும். பிறகு வெள்ளை டிஷ்யூ தாளின் மேல் விரித்து, மருந்து கொடுக்கும் 5 மில்லி சிரிஞ்சில் சாயம் கலந்த தண்ணீரை மெதுவாக விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மீண்டும் 5 மில்லி, மீண்டும் அழுத்தம். கீழே உள்ள தாளில் முதல் சாயப்புள்ளி எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். நடுவில் விழாது, தொடைப்பக்கத் தையலில்தான் வரும். தையல் ஊசி அந்தப் பாலியூரித்தேன் அடுக்கையும் சேர்த்துத் துளைத்திருக்கும், நூல் வழியாக ஈரம் வெளியே ஊறும். அதனால் 'இன்னும் எவ்வளவோ பிடிக்கும்' என்ற நிலையிலும் ஓரம் கசியும். அட்டையில் எழுதியிருப்பதில் பாதியில் ஓரம் நனைந்தால் அந்தப் பாதிதான் உங்கள் கணக்கு. தண்ணீர் உதிரத்தைவிட நீர்த்தது என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கலாம். ஆனாலும் குறைத்துக் கணக்கிடுவதே நல்லது.

இந்தச் சோதனையைப் பிள்ளையை வைத்துக்கொண்டே செய்யுங்கள், சிரிஞ்சை அவள் கையில் கொடுங்கள். பயத்தைப் போக்க நாம் பேசும் பத்து நிமிடப் பேச்சைவிட, எவ்வளவு வரும், எங்கே போகும் என்று தாளில் பார்ப்பது அவளுக்குச் சீக்கிரம் பிடிபடும். கூடவே தம்பி நின்று வேடிக்கை பார்த்தாலும் குடிமுழுகிவிடாது.

இப்போது ஒரு குறை. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உள்ளும் புறமும் கறுப்பு. கறை தெரியாது என்று பெரியவர்களுக்கு அது வசதி. முதல் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அதுவே சிக்கல். முதல் மாதவிடாய் பல நேரம் பளிச்சென்ற சிவப்பாக வராது. பழுப்பாக, சில சொட்டாக வரும். கறுப்புத் துணியில் அது வெறும் ஈரம், வெள்ளைப்படுதல் என்றே நினைத்துவிடுவாள். துவைக்கும் தண்ணீர் நிறம் மாறும்போதுதான் உங்களுக்கே தெரியும். உள்பக்கம் சந்தன நிறமோ வெளிர் சாம்பலோ உள்ளதைத் தேடி வாங்குங்கள். கறுப்புதான் கிடைத்தது என்றால், கழிவறைக்குப் போகும்போதெல்லாம் வெள்ளை டிஷ்யூவை ஒற்றிப் பார்க்கப் பழக்குங்கள். நிரம்பிவிட்டதா என்று பார்க்கவும் அதே வழிதான்: ஒற்றியதும் தாள் நன்றாக நனைந்தால் மாற்றும் நேரம்.

அளவு எடுக்கும்போது வயதைப் பார்க்காதீர்கள். இடுப்பெலும்புக்குக் கீழே, பிட்டத்தின் அகலமான இடத்தில் டேப்பைச் சுற்றி வரும் சென்டிமீட்டர்தான் அளவு. 'வளரும் பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும்' என்று பள்ளிச் சீருடைக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. தொடைப்பக்கம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாலே உட்கார்ந்து எழும்போது பக்கவாட்டில் வழிந்துவிடும். வேகமாக உயரம் கூடும் காலம் முதல் மாதவிடாய்க்குச் சற்று முன்புதான் வருகிறது. அதனால் ஆறு சேர்ந்த பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் 10 வயதில் அதை வாங்கினால் பாதி பயன்படாமலே சின்னதாகிவிடும்.

பள்ளியில் மாற்றுவது இதன் பலவீனமான இடம். பேடு என்றால் உரித்து ஒட்டினால் முடிந்தது. இதை மாற்ற ஷூ, கீழாடை எல்லாம் கழற்ற வேண்டும். ஈரத் தரையில், ஒரு காலில் நின்றுகொண்டு, வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது. பக்கவாட்டில் கொக்கி வைத்தவை கிடைக்கின்றன. ஷூவைக் கழற்றாமலே மாற்றலாம். இறுக்கமான கால்சட்டைக்குள் அந்தக் கொக்கி உறுத்தும், சிலருக்குத் தடம் தெரியும். நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு இது: அதிகம் போகும் நாளில் பள்ளிக்கு சாதாரண ஜட்டியில் பேடு, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றம். வீட்டுக்கு வந்ததும் பீரியட் ஜட்டி. பீரியட் ஜட்டியின் மேலேயே பேடு ஒட்டுவது வீண். அந்தப் பசை மேல் துணியில் படிந்து உறிஞ்சும் சக்தியைக் கெடுக்கும். பள்ளிப்பையில் எப்போதும் இருக்க வேண்டியது ஒரு மாற்று ஜட்டி, இரண்டு பேடு, ஈரம் வெளியேறாத ஒரு ஜிப் பை.

'நாலாவது மாதமே கசிய ஆரம்பித்துவிட்டது' என்று வரும் புகார்களைக் கிளறினால் பெரும்பாலும் துவைப்பதில்தான் போய் முடியும். கழற்றியதும் குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். வெந்நீர் பட்டால் உதிரத்தின் புரதம் இறுகிக் கறை நிரந்தரமாகிவிடும். பிறகு மிதமான சோப்பு. மெஷினில் போடுவதானால் வலைப்பையில், 30 டிகிரியில். ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடவே கூடாது. அது இழைகளின் மேல் மெழுகு மாதிரி படிந்து, உறிஞ்ச வேண்டிய துணி தண்ணீரைத் தள்ளிவிடும். ப்ளீச், இஸ்திரி, சூடான டிரையர் மூன்றும் பாலியூரித்தேன் அடுக்குக்கு எமன். அடுக்கு பிரிய ஆரம்பித்தால் கவட்டில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும், கசக்கினால் சரசரக்கும். அப்படியானது இனி வெறும் ஜட்டி.

காயவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். மேல் துணி காய்ந்த மாதிரி இருக்கும். நடு அடுக்கு ஈரமாகவே இருக்கும். இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தால் ஜில்லென்று தெரியும். அந்த ஈரத்தோடு போட்டுக்கொண்டால் நாற்றமும் அரிப்பும் வரும், பிள்ளை அடுத்த மாதம் தொடவே மாட்டாள். மழை நாளில் ஒன்று முழுதாகக் காய ஒன்றரை நாள்கூட ஆகலாம்.

துணியின் ரசாயனம் பற்றிய கவலை நியாயமானதே. கறை ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனங்கள் தொடர்பாக அமெரிக்காவில் ஒரு பெரிய தயாரிப்பாளர் மீது வழக்கு வந்து, 2023இல் சமரசத்தில் முடிந்தது. துணியில் தீங்கான ரசாயனம் உண்டா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரையும் அதன் கீழ் எண்ணும் இருந்தால் அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். 'நாற்றம் தடுக்கும்', 'கிருமி கொல்லும்' என்று விளம்பரப்படுத்துபவற்றில் வெள்ளி போன்ற பூச்சு இருக்கலாம். ஒழுங்காக அலசிக் காயவைத்தால் அந்தப் பூச்சுக்கு வேலையே இல்லை.

இதில் எண்ணிக்கை தெரியாது என்பதும் ஒரு குறைதான். பேடு என்றால் இன்று எத்தனை மாற்றினாள் என்று சொல்லிவிடலாம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிரம்புவது, 7 நாளைத் தாண்டுவது இரண்டும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. ஜட்டியை மட்டும் நம்பினால் முதலாவது கண்ணில் படாமலே போய்விடும். அதனால் முதல் சில மாதங்கள் நாட்காட்டியில் நாளைக் குறித்து, எத்தனை முறை மாற்றினாள் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும்.

காத்திருப்புக் காலத்துக்கு வெளிர் நிறத்தில் இரண்டு போதும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். முதல் முறை வந்து, அவளுக்கு எவ்வளவு போகிறது என்று இரண்டு மூன்று மாதம் பார்த்த பிறகு பகலுக்கு மூன்று, பின்பக்கம் உயர்ந்த இரவு ரகத்தில் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அளவை மறுபடி டேப் வைத்து எடுங்கள்.