டோட்டல் லாஸ்னு சொன்ன 16 வயசு ஆல்டிஸை செஞ்சு கொடுத்த காக்கி புக்கிட் வொர்க்ஷாப்

பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு உதவும்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். என்னோடது 2009 ஆகஸ்ட்ல சிங்கப்பூர்ல ரிஜிஸ்டர் ஆன டொயோட்டா கொரோலா ஆல்டிஸ், சில்வர் கலரு. 2019ல பத்து வருஷத்துக்கு சிஓஇ, அதாவது இங்க கார் வச்சு ஓட்ட வாங்க வேண்டிய உரிமம், ரினியூ பண்ணேன், அப்ப அதுக்குக் கட்ற பிகியூபி தொகை ஏறக்குறைய 30,000 வெள்ளி. அன்னைக்கு அதுவே பெரிய காசாத் தெரிஞ்சுச்சு, 2025ல சின்ன கார்களுக்கான கேட்டகரி ஏ சிஓஇ ஒரு லட்சம் வெள்ளியத் தாண்டினப்பதான் ரினியூ பண்ணது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு புரிஞ்சுச்சு.

பிப்ரவரில ஒரு காலைல நல்ல மழை, பிஐஇ விரைவுச்சாலைல யூனோஸ் எக்சிட் கிட்ட முன்னாடி போன லாரி பிரேக் போட, நானும் போட்டேன், வண்டி நிக்கல, வழுக்கிட்டுப் போய் லாரி பின்னாடி இடிச்சுட்டேன். என் தப்புதான். லாரியோட பின் இரும்பு கொஞ்சம் உயரம், அதனால பானட் கூடாரம் மாதிரி மடங்கி, ரெண்டு ஹெட்லைட்டும் போய், ரேடியேட்டர், கண்டென்சர், இடது ஃபெண்டர் எல்லாம் காலி. ஏர்பேக் வெடிக்கல, எனக்கும் ஒண்ணும் ஆகல. 24 மணி நேரத்துக்குள்ள, இல்லன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள இன்சூரன்ஸ்ல ரிப்போர்ட் பண்ணிடணும், கிளெய்ம் பண்றமோ இல்லையோ. அதை அன்னைக்கே பண்ணிட்டேன்.

நாலு நாள் கழிச்சு ஃபோன் வந்துச்சு. ரிப்பேர் 12,400 வெள்ளி ஆகும், வண்டியோட மார்க்கெட் வேல்யூ 21,000, அதனால டோட்டல் லாஸ், அதாவது செய்யறதுக்குப் பதிலா காசு கொடுத்து முடிச்சுக்கறோம், எக்சஸ் (நம்ம பங்குக்கு நாமே ஏத்துக்கற தொகை) 800 போக மிச்சத்தை வாங்கிட்டு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடுங்கன்னாங்க. எனக்கு மண்டைல ஏறவே இல்ல. 21,000 பெறுமான வண்டிக்கு 12,400 ரிப்பேர்னா அது எப்படி டோட்டல் லாஸ் ஆகும்?

அதைப் புரிய வச்சது இந்த வொர்க்ஷாப்பைப் பாத்துக்கிற அண்ணன்தான், ஒரு பழைய இன்வாய்ஸ் பின்னாடி எழுதியே காட்டினாரு. இன்சூரன்ஸ்காரங்க நமக்குக் காசு கொடுத்துட்டா வண்டி அவங்களுக்குப் போயிடும், வண்டியோட பேப்பர் வேல்யூவும், அதாவது ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணினா திரும்பக் கிடைக்கிற மிச்ச சிஓஇ காசும், அவங்களுக்குத்தான். என் சிஓஇல இன்னும் 42 மாசம் இருக்கு, 30,000த்துல 120க்கு 42 பங்குன்னா 10,500. உடைஞ்ச பாடிக்கு ஒரு ஆயிரம் வரும்னு வைங்க. அப்ப அவங்க கையவிட்டு உண்மையா போறது 20,200ல இருந்து 11,500 கழிச்சா வெறும் 8,700 தான். 12,400 கொடுத்து செய்யறதை விட அது கம்மி, அவ்வளவுதான் கணக்கு. வண்டி செய்ய முடியாத நிலைமைலதான் இருக்குன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. இதை இன்சூரன்ஸ்ல இருந்து பேசுன யாராவது ரெண்டு நிமிஷம் ஒதுக்கி சொல்லியிருக்கலாம், ஃபோன்ல மூணு பேரு மாறி மாறிப் பேசினாங்க, ஒருத்தரும் சொல்லல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

இந்த இடத்துக்கு எப்படிப் போனேன்னா, வேலையிடத்துல ஒரு நண்பர் சொன்னாரு. காக்கி புக்கிட்ல அடுக்கடுக்கா வொர்க்ஷாப் இருக்கிற கட்டடங்கள்ல ஒண்ணுல மேல் மாடில இருக்கு. முதலாளி சீனரு, நாக்கிங் (நசுங்கின பாடிய நேராக்கற) வேலையும் கஸ்டமர் பேச்சும் நம்ம அண்ணன் கையில, ஜொகூர்ல இருந்து தினம் மோட்டார்சைக்கிள்ல வந்து போறவரு. அவங்க கிட்ட கேக்காததால பேரை இங்க போடல.

வண்டிய டோ பண்ணிக் கொண்டு போனேன், அது என் காசு 120 வெள்ளி. போன உடனே விலை சொல்லுவாருன்னு பாத்தா, "தம்பி, பம்பரைக் கழட்டாம நான் வாயத் தொறக்க மாட்டேன்"னுட்டாரு. கழட்டினதுக்கு அப்புறம் என்னையக் குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் முன்னாடி நீட்டிட்டிருக்கும் பாருங்க நீளமான இரும்புப் பெட்டி மாதிரி சேசிஸ், அதுல இடது பக்கத்தோட நுனில சுருக்கம் விழுந்திருந்துச்சு, அங்க மட்டும் பெயிண்ட் சின்னச் சின்னதா உரிஞ்சு நிக்குது. அவரு டார்ச் அடிச்சு விரலை அதுமேல வச்சு மெதுவா பின்னாடி கொண்டு போனாரு, ஒரு ஜாண் தூரத்துல சுருக்கம் நின்னுடுச்சு. அப்ஸார்பர் உக்கார்ற இடம், அதுக்குப் பின்னாடி டாஷ்போர்டுக்கு முன்னாடி இருக்கிற சுவரு, ரெண்டும் நேரா இருக்கு. முன் கதவு ரெண்டையும் தொறந்து மூடி இடைவெளியப் பாத்தாரு, அளவு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமா பிடிச்சும் அளந்தாரு. "இந்தச் சுருக்கம் அப்ஸார்பரைத் தாண்டிப் போயிருந்தா நானே கையெழுத்துப் போட்டு காசை வாங்கிக்கோன்னு சொல்லியிருப்பேன், அம்மாவ ஏத்திட்டுப் போற வண்டி"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

அம்மா விஷயம் என்னன்னா, அவங்களுக்கு வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். இந்த வண்டில சீட்டு உயரம் அவங்களுக்குப் பழகிடுச்சு, கதவுக்கு மேல இருக்கிற கைப்பிடியப் பிடிச்சுட்டு முதல்ல உக்காந்து அப்புறம் காலை உள்ள இழுத்துக்குவாங்க, யாரும் தூக்க வேண்டாம். ஒரு நண்பரோட எஸ்யூவில முயற்சி பண்ணினப்ப ஏறவே முடியல.

விலை 7,600 சொன்னாரு. இன்சூரன்ஸ் வொர்க்ஷாப் போட்ட 12,400 முழுக்கப் புது பார்ட்ஸ் விலை, இவரு பானட், ஃபெண்டர், ஹெட்லைட் மூணையும் ஸ்கிராப்புக்குப் போன இன்னொரு சில்வர் ஆல்டிஸ்ல இருந்து எடுத்தாரு, ரேடியேட்டரும் கண்டென்சரும் மட்டும் புதுசு, சேசிஸ் நுனிய பெஞ்சுல மாட்டி இழுத்து நேராக்கறது, ஸ்ப்ரே, அலைன்மென்ட் எல்லாம் சேத்துதான்.

உடனே சரின்னு சொல்லல, ரெண்டு நாள் உக்காந்து யோசிச்சேன். ஆன்லைன்ல இதே மாதிரி சிஓஇ மிச்சம் இருக்கிற ஆல்டிஸ் 28,000ல இருந்து 31,000 வரைக்கும் கேக்கறாங்க. அந்த விளம்பரங்களை எல்லாம் எடுத்து இன்சூரன்ஸுக்கு அனுப்பினேன், 21,000 சொன்னவங்க 23,000த்துக்கு ஏறினாங்க, அதனால முதல்ல சொல்ற தொகைக்கு யாரும் தலையாட்டிடாதீங்க. எக்சஸ் போக 22,200. அப்படின்னா வேற வண்டி வாங்க கைல இருந்து ஆறாயிரத்துல இருந்து ஒன்பதாயிரம் வரைக்கும் போடணும், செஞ்சா 7,600. கிட்டத்தட்ட சமம்தான். ஆனா இந்த வண்டில 2024ல ஏர்கான் கம்ப்ரசர் மாத்தினேன், லோயர் ஆர்ம் மாத்தினேன், கியர் ஆயில் எப்ப மாத்தினேன்னு எனக்குத் தெரியும். அடுத்தவன் ஓட்டின 16 வருஷ வண்டில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? லோனும் பாக்கி இல்ல. லோன் இருந்தா இன்சூரன்ஸ் காசு முதல்ல ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போகும், அப்ப கதையே வேற. சொந்த வண்டிக்கான கிளெய்மை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்.

லாரிக்காரங்க கிளெய்ம் பண்ணினதால என்சிடி, அதாவது கிளெய்ம் இல்லாம ஓட்டினதுக்குக் கிடைக்கிற இன்சூரன்ஸ் தள்ளுபடி, எப்படியும் 50 சதவீதத்துல இருந்து 20 ஆயிடுச்சு, அதுல லாபம் எதுவும் இல்ல. இன்னொண்ணு, அடுத்த ரினியூவல்ல என் இன்சூரன்ஸ் கம்பெனி, நம்ம வண்டி சேதத்துக்கும் சேத்துத் தர்ற காம்ப்ரிஹென்சிவ் தர மாட்டேன்னுடுச்சு, இப்ப தேர்ட் பார்ட்டி, ஃபயர், தெஃப்ட் மட்டும்தான். திரும்ப நானே இடிச்சா என் வண்டிச் செலவு மொத்தமும் என்னோடது. 14 வருஷம் தாண்டினதால ரோட் டாக்ஸ்ல 50 சதவீதம் சர்சார்ஜ், பத்து வருஷம் தாண்டினதால வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன், இதையெல்லாம் சேத்துதான் கணக்குப் போடணும்.

குறைன்னு பாத்தா, பத்து நாள்ல தரேன்னு சொல்லி பதினாலு நாள் ஆக்கிட்டாங்க. ஃபோன் எடுக்கவே மாட்டாங்க, வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டா ராத்திரி ஜொகூர் போய்ச் சேந்த அப்புறம்தான் பதில் வரும். அந்த பதினாலு நாளும் அம்மாவ கிராப் வாடகை கார்ல கூட்டிட்டுப் போனேன், கிட்டத்தட்ட 300 வெள்ளி. பம்பர் கலரு பகல் வெயில்ல பாத்தா கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது, பானட்டோட சரியா ஒட்டல, சொன்னேன், திரும்ப அடிச்சுத் தரேன்னாரு, இன்னும் நான் விடல.

ஆனா வேலை நடக்க நடக்க அவரே ஃபோட்டோ அனுப்பிட்டிருந்தாரு, இழுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, இழுத்ததுக்கு அப்புறம் ஒண்ணு, ரெண்டுலயும் டேப் அளவு தெரியற மாதிரி. கழட்டின பழைய கண்டென்சரைக்கூட பூட்ல வச்சுக் கொடுத்தாரு. போன மாசம் இன்ஸ்பெக்‌ஷன் போனேன், முதல் தடவையே பாஸ். விரைவுச்சாலைல 90ல ஸ்டீரிங்கை லேசா விட்டாலும் நேராப் போகுது. ரெண்டு வாரம் முன்னாடி இடது ஹெட்லைட் உள்ள தண்ணி கோத்துச்சு, கொண்டு போனேன், கழட்டிக் காய வச்சு சீல் போட்டுக் கொடுத்தாரு, காசு வாங்கல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் திறந்திருக்கும், போறதா இருந்தா முதல் நாளே மெசேஜ் போட்டுட்டுப் போங்க.