ஆட்டைத் தேடினால் யானை வருகிறது: வடமொழி நூல்களில் புலால் பற்றித் தேட உதவும் தளங்கள், ஒரு மதிப்பீடு

‘மாமிசம் தின்பதில் குற்றமில்லை என்று மனுவே சொல்லிவிட்டார், 5:56 பார்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அடுத்த நாளே ‘உயிரைக் கொல்லாமல் இறைச்சி இல்லை, 5:48 பார்’ என்று எதிர்க்கட்சியிலிருந்து ஒன்று. மனுஸ்மிருதியின் அத்தியாயம், சுலோகம் என்ற கணக்கில் இரண்டு எண்களும் சரி. இரண்டு பேருமே முழு அத்தியாயத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றால் காசில்லாமல் கிடைக்கும் தளங்கள் சில இருக்கின்றன. புலால், வேள்விக் கொலை என்ற இந்த ஒரு விஷயத்துக்கு அவை எவ்வளவு தூரம் பயன்படும் என்பது மட்டுமே இங்கே பேச்சு.

முதலில் திறக்க வேண்டியது விஸ்டம் லைப்ரரி. காரணம் ஒன்றுதான்: மனுவுக்கு மேதாதிதி எழுதிய பாஷ்யத்தை, அதாவது பழைய உரையை, கங்காநாத ஜா ஆங்கிலத்தில் பெயர்த்தது அங்கே சுலோகம் சுலோகமாகக் கிடைக்கிறது. கூடவே அதே விஷயத்தை மற்ற தர்ம நூல்கள் என்ன சொல்கின்றன என்ற ஒப்பீட்டுக் குறிப்பும் உண்டு. ஐந்தாம் அத்தியாயத்தில் 26இலிருந்து 56 வரை ஒரே மூச்சில் படியுங்கள். 27இல் நான்கு சந்தர்ப்பங்களில் சாப்பிடலாம் என்கிறது: மந்திர நீர் தெளித்த வேள்வி இறைச்சி, பிராமணர்கள் விரும்பிக் கேட்கும்போது, சிராத்தம் போன்றவற்றில் விதிப்படி அமர்த்தப்பட்டபோது, உயிருக்கு ஆபத்து வரும்போது. 35 இன்னும் கறார்: அப்படி அமர்த்தப்பட்டும் சாப்பிட மறுத்தவன் 21 பிறவி விலங்காகப் பிறப்பான். 39இல் வேள்வியில் கொல்வது கொலையே அல்ல. 48இல் காற்று திசை மாறுகிறது. 51இல் கொலைகாரர் பட்டியல்: சம்மதித்தவர், துண்டு போட்டவர், கொன்றவர், வாங்கியவர், விற்றவர், சமைத்தவர், பரிமாறியவர், தின்றவர். இலையில் உட்கார்ந்தவர் தப்ப வழியில்லை. கடைசியில்தான் அந்த 56. அதன் முதல் வரி ‘குற்றமில்லை’. இரண்டாம் வரி ‘ஆனால் விலகி நிற்பது பெரும்பலன்’. உரைகாரர்கள் அந்தக் ‘குற்றமில்லை’யையும் மேலே அனுமதித்த இறைச்சிக்கு மட்டுமே பொருத்துகிறார்கள். வாட்ஸ்அப் படத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்திருக்கும் போல.

அடுத்தது கிரெட்டில். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் மின்னூல் களஞ்சியம். மொழிபெயர்ப்பு கிடையாது, வெறும் மூலம், அதுவும் ரோமன் எழுத்தில். கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் தேடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ‘மாம்ஸ’ என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால் நூலில் அந்தச் சொல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘மாம்ஸ’வில் வரும் ‘ம்’ போன்ற மூக்கொலியான அனுஸ்வாரத்தைச் சிலர் ‘எம்’ எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்து எழுதுவார்கள், சிலர் மேலே வைப்பார்கள். படிப்பவருக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கோப்பிலிருந்தே அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுவதுதான் பிழையில்லாத வழி.

வேற்றுமை உருபு இன்னொரு தொல்லை. வடமொழியில் விலங்கு என்று பொருள்படும் ‘பசு’வைத் தேடினால் ‘பசவஹ’ என்ற பன்மை சிக்காது. மனு 5:39இல் இருப்பதே அந்த வடிவம்தான். சரி, ‘பஸ்’ வரை வெட்டித் தேடலாம் என்றால் ‘பஸ்யதி’, அதாவது ‘பார்க்கிறான்’ என்பதெல்லாம் வந்து குவியும். ஆட்டுக்குரிய ‘அஜ’வைத் தேடினால் ‘கஜ’ என்ற யானையும் சேர்ந்து வரும்.

இந்தத் தலைவலிக்கு மருந்து ஆலிவர் ஹெல்விக் உருவாக்கிய டிஜிட்டல் கார்பஸ் ஆஃப் சான்ஸ்கிரிட் என்ற வடமொழி நூல் தொகுப்பு. அதில் ஒவ்வொரு சொல்லும் சந்தி பிரித்து அகராதி வடிவத்தோடு கோக்கப்பட்டிருக்கிறது. ‘பசு’ என்று ஒருமுறை கொடுத்தால் எல்லா வேற்றுமையும் வரும். எச்சரிக்கை ஒன்று: ‘அஜ’ என்றால் வெள்ளாடு, ‘அ-ஜ’ என்றால் பிறவாதது. இரண்டும் அகராதியில் தனித்தனிச் சொற்கள். இரண்டையும் தேட வேண்டும்.

இது வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் இதே சொல்லை வைத்து ஒரு வழக்கே நடக்கிறது. வேள்விக்குரிய ‘அஜம்’ என்பது விதைதான், ஆட்டைக் கொல்லாதீர்கள் என்கிறார்கள் ரிஷிகள். ஆடுதான் என்கிறார்கள் தேவர்கள். நடுவராக வந்த உபரிசர வசு தேவர்கள் பக்கம் சாய்ந்து, சாபத்தால் வானத்திலிருந்து பூமிக்குள் விழுகிறான். பண்டார்கர் நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டுக் கொண்டுவந்த செம்பதிப்பில் இது 12:324. கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பும், அதைத் தமிழாக்கிய ‘முழு மஹாபாரதம்’ தளமும் பழைய பதிப்புகளின் வழியில் போவதால், அங்கே அத்தியாய எண் பத்துக்கும் மேல் தள்ளியிருக்கும். எண்ணை நம்பாமல் ‘உபரிசரன்’ என்ற பெயரை வைத்துத் தேடுங்கள். ராமாயணத்திலும் இதே கதை. ராமலட்சுமணர் பன்றி முதலான நான்கு விலங்குகளை வேட்டையாடும் சுலோகம் வழக்கமான பதிப்பில் 2:52:102, பரோடா செம்பதிப்பில் 2:46:79. எண்ணைப் போட்டுவிட்டுப் பதிப்பைச் சொல்லாதவர் பாதி மேற்கோள்தான் தந்திருக்கிறார்.

இனி, எந்தத் தேடுபொறியும் சொல்லித் தராத ஒன்று. வேள்வியில் விலங்கு கொல்லப்படுவதை, வேதச் சடங்குகளை விளக்கும் ‘பிராமணம்’ என்ற வகை நூல்களில் தேடுகிறவர் ‘கொல்’ என்ற வினையைப் போட்டால் வேண்டியது சரியாகக் கிடைக்காது. அந்த இடத்தில் நூல்கள் அந்தச் சொல்லையே தவிர்க்கின்றன. சதபத பிராமணம் 3:8:1:15 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ‘கொல்’ என்பது மனிதர் வழக்கு, ‘சாந்தப்படுத்து’ என்றே சொல்ல வேண்டும். விலங்கு மூச்சடக்கிக் கொல்லப்படுகிறது. அதற்குப் பெயர் ‘ஸம்ஞபனம்’, சம்மதிக்க வைத்தல். செய்கிறவர் ‘சமித்ரு’, அமைதிப்படுத்துபவர். பலியிடுவதற்கு ‘ஆலபதே’, தொடுகிறான். இந்த மூன்று வேர்களையும் கார்பஸில் போட்டால்தான் சடங்கு முழுதாகக் கண்ணில் படும். இறைச்சிக்கும் ‘மாம்ஸம்’ மட்டும் போதாது. ‘ஆமிஷம்’, ‘பிசிதம்’, ‘பலம்’ மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொற்பொருளுக்குக் கொலோன் பல்கலைக்கழகத்தின் அகராதித் தளம். மோனியர் வில்லியம்ஸ், ஆப்தே உட்படப் பல அகராதிகள் ஒரே இடத்தில். வடமொழியைச் சாதாரண ஆங்கில விசைகளால் எழுதும் ஹார்வர்ட்–கியோட்டோ முறையில் தட்டுவது சுலபம். ‘ஆ’ என்ற நெடிலுக்குப் பெரிய ‘ஏ’, அனுஸ்வாரத்துக்குப் பெரிய ‘எம்’. சதபதம் 3:1:2:21இல் பசுவையும் எருதையும் தின்னக் கூடாது என்ற விதி வந்த கையோடு, யாக்ஞவல்கியர் ‘அம்ஸலமாக இருந்தால் நான் சாப்பிடுவேன்’ என்கிறார். சதபதத்தை ஆங்கிலத்தில் தந்த எக்லிங் இதை ‘மென்மையாக இருந்தால்’ என்று பெயர்த்தார். மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அகராதியைப் பார்த்தால் ‘வலுவான, திடமான’ என்றிருக்கிறது. சொல் தோளைக் குறிக்கும் ‘அம்ஸ’த்திலிருந்து வந்தது. கசாப்புக் கடைக்காரரிடம் கேட்டால் இரண்டும் ஒரே கறி இல்லை என்பார்.

எக்லிங்கின் மொழிபெயர்ப்பு ஐந்து தொகுதிகள், ஆர்க்கைவ் தளத்தில் ஸ்கேனாக உண்டு. இந்த வரி இருப்பது கிழக்கின் புனித நூல்கள் வரிசையில் 26ஆம் தொகுதி. உள்ளே யாக்ஞவல்கியரை வழக்கமான எழுத்துக்கூட்டலில் தேடினால் அகப்பட மாட்டார். அந்த வரிசையில் ‘ஜ’வுக்குச் சாய்ந்த ‘ஜி’ எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். காண்ட எண்ணை வைத்துப் பக்கம் புரட்டுவதே வேகம்.

எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை. மனு 3:268 முதல் சிராத்தத்தில் மீன் தந்தால் முன்னோருக்கு இரண்டு மாதத் திருப்தி, மான் தந்தால் மூன்று என்று போகிறது. பின்னால் வந்த தர்ம நிபந்தங்கள், அதாவது தர்ம விதிகளின் தொகுப்பு நூல்கள், அதையே கலியுகத்தில் விலக்கச் சொல்லின. குதிரை வேள்வி, பசுமாட்டு வேள்வி, துறவு, சிராத்தத்தில் இறைச்சி, கணவனின் தம்பியால் பிள்ளை என்ற ஐந்தும் தள்ளுபடி. அந்த நிபந்தங்கள் பெரும்பாலும் தேட முடியாத ஸ்கேன்களாகவே கிடக்கின்றன. இதற்குப் பி. வி. காணேயின் தர்மசாஸ்திர வரலாறு, 1946இல் வந்த மூன்றாம் தொகுதி. ‘கலிவர்ஜ்யம்’, அதாவது கலியில் விலக்க வேண்டியவை, என்ற தலைப்பைப் பொருளடக்கத்தில் பார்த்துத் திறவுங்கள். கோப்பு கனமானது, கைபேசியில் திணறும்.