வீட்டை எழுதிவைக்க செட்டில்மெண்டா, உயிலா?

அம்மா பெயரில் உள்ள திருச்சி வீட்டை எனக்கும் தம்பிக்கும் எழுதிவைக்கும் பேச்சு வந்தபோது, பத்திர எழுத்தர் முதல் பெரியப்பா வரை எல்லோரும் சொன்னது செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்கு வீட்டை மாற்றிக் கொடுக்கும் பத்திரம். நாங்கள் பதிவு செய்தது உயில்.

செலவை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய்தான். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை.

யோசிக்க வேண்டியது, எழுதியதைத் திரும்பப் பெற முடியுமா என்பதைத்தான். எழுத்தர் கொடுத்த வரைவில், "இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரிக்குக் கீழேயே, எக்காலத்திலும் ரத்து செய்ய உரிமையில்லை என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்றே வீடு கைமாறிவிடும். ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையை அம்மா வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ அவர் பிள்ளைகளிடம் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டும். ஒருதலையாக ரத்துப் பத்திரம் போட முடியாது என்பதை மெட்ராஸ் உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-ல் தெளிவுபடுத்திவிட்டது.

மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு இருக்கிறதே என்பார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளை கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து செய்யலாம். நல்ல சட்டம்தான். ஆனால் எழுபது வயதுக்கு மேல் ஒரு தாய், பெற்ற பிள்ளைக்கு எதிராக மனு எழுதிக்கொண்டு அலுவலகப் படியேறும் நிலை வரவே கூடாது. செட்டில்மெண்ட்தான் என்று முடிவெடுப்பவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள்.

உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வீடு கடைசிவரை அம்மாவுடையது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அது உயில்களுக்கான தனிப் பதிவேடான மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும். சொத்தின் மீதான பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. அம்மா இருக்கும்வரை வேறு யாருக்கும் நகலும் தரமாட்டார்கள்.

செட்டில்மெண்ட் ஜெயிக்கும் இடமும் உண்டு. வில்லங்கச் சான்றில் உடனே ஏறும், பட்டா மாறும், வங்கிக் கடனுக்கும் சிக்கல் இல்லை. உயிலை நிறைவேற்றும் கட்டம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. அதனால் பட்டா மாற்றம் சுலபம் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உடன்பிறந்தவர்களுக்குள் இப்போதே பேச்சுவார்த்தை இல்லையென்றால் நானும் செட்டில்மெண்டைத்தான் சொல்வேன். உயில் வழக்கில் மாட்டினால், சாட்சி போட்டவர் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். அதற்காகவே வயதில் இளையவர்களாகப் பார்த்து இரண்டு பேரைச் சாட்சியாக வைத்தோம். ஒருவர் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்.

இத்தனையும் சுயசம்பாத்தியச் சொத்துக்கு. இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில், பிரிக்காத பங்கை மற்ற பங்காளிகள் சம்மதம் இல்லாமல் செட்டில்மெண்டாக, அதாவது தானமாக, எழுதினால் செல்லாது. அதே பங்கை உயிலில் எழுதலாம். மூலப்பத்திரத்தை முதலில் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.