நல்ல தண்ணீர் இல்லாத கரைக்கு எந்த ஜெட் ஸ்கி?

சென்னையை அடுத்த முட்டுக்காடு பக்கம் ஜெட் ஸ்கி (நீரில் ஓடும் ஸ்கூட்டர்) வாங்க நினைப்பவர்கள் யமஹாவா, சீ-டூவா என்று வேகத்தையும் விலையையும் வைத்து மணிக்கணக்கில் பேசுவார்கள். வண்டியைக் கரையேற்றியபின் காத்திருக்கும் கழுவல் வேலை பேச்சிலேயே வராது. நானும் நண்பரும் முதலில் வாங்கியது கடல்நீரால் குளிரும் வண்டி. இரண்டு பருவத்துக்கு முன் அதைத் தள்ளிவிட்டு, கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் தனித் திரவம்) வண்டிக்கு மாறினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

யமஹா, கவாசாகி வண்டிகளில் ஜெட் பம்ப் தள்ளும் கடல்நீரே என்ஜினுக்குள் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. சீ-டூவில் காரைப் போலக் கூலண்ட் தனியாகச் சுற்றுகிறது; அடியில் நீரை உரசிச் செல்லும் உலோகத் தட்டுதான் ரேடியேட்டர். அதற்காக, "இதைக் கழுவவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். புகைக்குழாயைக் குளிர்விப்பது இதிலும் கடல்நீர்தான்.

இருக்கையைத் திறந்து உலர்த்துவது, அடைப்பானைக் கழற்றி நீரை வடிப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. கழுவத் தொடங்கும்போது முதலில் என்ஜினை ஓடவிட்டு, பிறகு தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர்க் குழாய், பிறகு என்ஜின். இந்த வரிசையும் பொது. மாற்றிச் செய்தால் புகைக்குழாய் வழியே நீர் என்ஜினுக்குள் ஏறும்.

வழக்கு தீர்வது தண்ணீரில். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சூடான என்ஜினுக்குள் நீர் காய்ந்தால் அங்கேயே பூத்துவிடும். கழுவினால் போகும், சரி, எதைக்கொண்டு கழுவுவது? எங்கள் கொட்டகையின் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைத்தாலே கரிக்கும். முதல் வருடம் முழுக்க அதைத்தான் பாய்ச்சினோம். ஒரு நாள் சூட்டு எச்சரிக்கை அலறியது. நீர்க்குழாயைக் கழற்றினால் உள்சுவரில் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. வண்டிமேல் குற்றமில்லை, முழுக்க எங்கள் புத்தி.

பிறகு லாரித் தண்ணீர். வாளி வைத்து அளந்தேன்: நிமிடத்துக்கு 12 லிட்டர். வண்டிக்கு ஐந்து நிமிடம் என்றால் 60 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை மாலை சின்டெக்ஸ் தொட்டி காலியாகக் கிடக்கும். உதவிக்கு இருக்கும் தம்பி, "நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் அண்ணா" என்பான். அந்த நாளைகள் சேர்ந்துதான் என்ஜினைத் தின்னும்.

கூலண்ட் வண்டியில் அப்படி ஒரு நாள் தவறினாலும் அடி புகைக்குழாயோடு நிற்கிறது. நேரமும் குறைவு: கரையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் என்ஜினை ஓட்டக்கூடாது, பம்பைச் சுழற்றும் தண்டைச் சுற்றி, நீர் உள்ளே கசியாமல் அடைக்கும் கார்பன் வளையம் சூடாகிவிடும். ஆக, 24 லிட்டருக்குள் கதை முடிகிறது. கூலண்ட் மாற்றும் செலவு உண்டு. அதை லாரிக் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்.

வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் தாராளமாக வருகிறவர்களுக்கு இந்த வாதம் பாதி செல்லாது. எங்கள் வண்டியில் சூப்பர்சார்ஜரும் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லை. அது உள்ள பெரிய சீ-டூக்களில் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள்ளும் கடல்நீர் போகும். அதைக் கழுவிப் பராமரித்தவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.