ஜெட் ஸ்கீயில் ஏறும் முன் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

லீவுக்குக் கடற்கரை ஊர் எதற்காவது கிளம்புகிறீர்களா? ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டும் மோட்டார் பைக் மாதிரி), பனானா போட் (படகு இழுத்துப் போகும் காற்றடைத்த நீள மிதவை) என்று ஏறும் ஆசை இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நாங்கள் நன்றாக ஏமாந்துவிட்டு வந்தோம். கடைப் பெயரைச் சொல்லவில்லை. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் மேசை, லேமினேட் செய்த விலைப்பட்டியல், அவ்வளவுதான் கம்பெனி.

நான், மனைவி, எட்டு வயது மகள், மனைவியின் தம்பி என்று நாலு பேர். ஜெட் ஸ்கீ அரை மணி நேரம், பனானா போட் ஒரு சுற்று, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பார்க்கும் ஸ்நார்க்கலிங், டால்பின் பார்க்கப் படகு, எல்லாம் சேர்த்து அரைநாள் பேக்கேஜ். தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிஜமாகவே மலிவுதான். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டால்பின் வரவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, டால்பின் அவர்களிடம் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் ஸ்நார்க்கலிங்கை மத்தியானம் இரண்டு மணிக்குத் தள்ளியது அவர்கள் வேலை. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடலிலிருந்து காற்று வீச ஆரம்பிக்கும். மத்தியானத்துக்கு மேல் அது வலுத்தால் அலை கிளம்பி, கரையோர மணல் கலங்கிவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. என் கையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. காலையில் முதல் ஆளாகப் போக முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் ஸ்நார்க்கலிங்கை விட்டுவிடுங்கள்.

பனானா போட்டுக்கு மகளிடம் கொடுத்த லைஃப் ஜாக்கெட் பெரியவர்களுடையது. கட்டிவிட்டு, இரண்டு தோளிலும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். ஜாக்கெட் அவள் காதைத் தாண்டி வந்தது, அவள் இருந்த இடத்திலேயே நின்றாள். தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடக்கும், ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். எத்தனை கிலோ எடைக்கு என்று உள்ளே லேபிள் இருக்க வேண்டும். அது வெளுத்து வெறும் துணியாகிக் கிடந்தது. கால்களுக்கு நடுவே கட்டும் பட்டையும் இல்லை. "இன்னும் கொஞ்சம் டைட்டா கட்டினா போதும் சார்" என்றார் கடைக்காரர். நான் அவளை ஏற்றவில்லை. காசு? "பேக்கேஜ் சார், பிரிக்க முடியாது."

சரி, ஜெட் ஸ்கீக்கு வருகிறேன். எனக்குப் பெரிய அடி விழுந்தது அங்கேதான்.

முதலில் என் ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு தாளில் கையெழுத்து. வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அதில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. ஒரு பையன் வண்டியை இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய் எங்களை அங்கே வரச் சொன்னான். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஜெட் ஸ்கீ அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித்தான் ஓடுகிறது. சுமார் 90 செ.மீ. ஆழமாவது இல்லாவிட்டால் மணலையும் கல்லையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஆனால் நமக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். வண்டி நம் கைக்கு வரும்போது அதன் அடிப்பக்கம் தண்ணீருக்குள் இருக்கிறது. திரும்பி வந்ததும் டிராலியில் ஏற்றி, அவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஓட்டுவதற்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: "அழுத்தினா போகும், விட்டா நிக்கும்." நிற்காது. ஆக்சிலரேட்டரை விட்டால் பீய்ச்சுவது நின்றுவிடும். பீய்ச்சும் தண்ணீர்தான் வண்டியைத் திருப்புகிறது என்பதால், அப்புறம் கைப்பிடியை எவ்வளவு ஒடித்தாலும் வந்த வேகத்தில் நேராகத்தான் போகும். நாங்கள் எடுத்ததில் பிரேக்கும் இல்லை. மச்சினன் பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுத் திருப்பப் பார்த்தான், ஒரு மிதவையை ஒரு முழ தூரத்தில் உரசாமல் போனோம். "மாமா, இது திரும்பவே மாட்டேங்குது!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

பதினெட்டாவது நிமிடம் கரையிலிருந்து விசில். அரை மணி ஆகவில்லையே என்றால், ஜாக்கெட் மாட்டிய நேரத்திலிருந்து கணக்காம்.

டிராலியில் ஏற்றியதும், அதுவரை கண்ணில் படாத ஓர் ஆள் வந்து குந்தி உட்கார்ந்து, வண்டியின் அடியில் விரலை ஓட்டினார். "என்ன சார் இது? பாறையில ஏத்திட்டீங்களா?" வெள்ளை ஃபைபரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். நாங்கள் ஓடிய பக்கம் பாறையே கிடையாது. அவர் கேட்ட தொகை பேக்கேஜைப் போல நான்கு மடங்கு. ரிப்பேர் செலவு, அதோடு ஒரு வாரம் வண்டி ஓடாத நஷ்டம்.

நானும் குனிந்து பார்த்தேன். புதுக் கீறல் என்றால் விளிம்பு கூராக, உள்ளே வெள்ளைத் தூளாக இருக்கும். இது விளிம்பு மழுங்கி, குழிக்குள் பச்சையாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், வழவழவென்று பாசி நகக்கண்ணில் ஏறியது. பதினெட்டு நிமிடத்தில் எந்த ஊரில் பாசி பிடிக்கும்? விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "கடல்னா பாசி இருக்கும் சார்" என்றார், கண்ணை எடுக்காமல்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். "தாராளமா போங்க, லைசென்ஸ் இங்கயே இருக்கும்." அதற்குள் இன்னும் நாலு பேர் வந்து சும்மா நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். மகள் வெயிலில் முகம் சிவந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். பேரம் பேசி அவர் கேட்டதில் பாதிக்கு வந்து, ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. இந்தக் கடைசி முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

இனிமேல் நான் ஒரிஜினல் அட்டையைக் கழற்றிக் கொடுக்க மாட்டேன். நகல் போதாது என்றால் அடுத்த குடைக்குப் போய்விடுவேன். வண்டி டிராலியில் இருக்கும்போதே அடிப்பக்கம் உட்படச் சுற்றி வந்து வீடியோ எடுப்பேன், கொடுக்கிற ஆளின் முகமும் அதில் விழுகிற மாதிரி. வீடியோ எடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அதுவே பதில். பணத்தையும் தடம் இருக்கிற வழியில்தான் கொடுப்பேன்.

அன்று ராத்திரி மகளின் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். காலையில் அவள் ஒரு நண்டு வளையைப் படம் எடுத்திருக்கிறாள். பின்னால் டிராலியில் அதே வண்டி, அதன் பக்கவாட்டில் 7 என்ற எண், அடியில் அதே கீறல். எடுத்த நேரம் நாங்கள் ஏறுவதற்கு ஐம்பது நிமிடம் முன்னால்.

மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். மேசையருகே இரண்டு குடும்பங்கள் ஜாக்கெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. போனை முந்தின நாள் பணம் வாங்கிய ஆளிடம் நீட்டி, அவர்களுக்கும் கேட்கிற குரலில், இது எந்தப் பாறை என்று கேட்டேன். என்னைத் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போய், கொடுத்ததில் பாதியை எண்ணிக் கையில் வைத்தார்.

மீதி என்ன ஆச்சு என்றேன்.

"சீசன் முடியட்டும் சார், பாத்துக்கலாம்."