இஸ்ரோ, டிஆர்டிஓ பெயரில் இன்டர்ன்ஷிப் கடிதம் வந்திருக்கிறதா? பணம் கட்டும் முன் படியுங்கள்

இறுதியாண்டு மாணவர்கள் ஏமாறும் முறை பழையதுதான். டெலிகிராம் குழுவில் "அரசு ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப், சில இடங்களே பாக்கி" என்று ஒரு கூகுள் ஃபார்ம் வரும். நிரப்பிய மறுநாளே ஆஃபர் லெட்டர். மேலே சிங்க முத்திரை, கீழே ஒரு விஞ்ஞானியின் கையெழுத்து. நேர்காணல் கிடையாது. முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' கட்டணம், கடைசியில் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு டெபாசிட். சேர வேண்டிய நாள் நெருங்கும்போது "பாதுகாப்புக் காரணத்தால் ஆன்லைனுக்கு மாற்றப்பட்டது" என்று தகவல் வரும். நாலைந்து வீடியோ, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். சான்றிதழைச் சரிபார்க்க அந்த அரசு ஆய்வகத்துக்குக் கல்லூரி எழுதும்போதுதான் குட்டு உடைகிறது.

பணம் கேட்டால் மோசடி என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் ஏமாறுவதற்குக் காரணம், உண்மையான வழி எப்படி இருக்கும் என்று தெரியாததுதான்.

பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவில் நீங்கள் அணுக வேண்டியது உங்கள் பாடத்துக்குப் பொருந்தும் ஆய்வகத்தை. அதுவும் கல்லூரி வழியாக. பயிற்சி வழக்கமாக 4 வாரம் முதல் 6 மாதம் வரை. இயந்திரவியல் மாணவருக்கு ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆய்வகம் பொருந்தும் என்றால், துறைத் தலைவரோ முதல்வரோ கையெழுத்திட்ட கடிதம் அங்கே போக வேண்டும். இஸ்ரோவிலும் மகேந்திரகிரி, திருவனந்தபுரம் என்று ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனியாகத்தான் விண்ணப்பம். 60 சதவீதம் அல்லது 10க்கு 6.32 சிஜிபிஏ வேண்டும், இன்டர்ன்ஷிப் அதிகபட்சம் 45 நாள், உதவித்தொகை இல்லை. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10ஆம் தேதி வரை விண்ணப்பம் வாங்குகிறது. அங்கும் உதவித்தொகை கிடையாது, லேப்டாப்பும் நீங்களே கொண்டுபோக வேண்டும். ஆகவே "இஸ்ரோவில் மாதம் இருபதாயிரம்" என்று ஒரு கடிதம் சொன்னால், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

உண்மையான அனுமதிக் கடிதத்தில் எந்தப் பிரிவு, வழிகாட்டி யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாயிலில் என்னென்ன ஆவணம் காட்ட வேண்டும் என்ற விவரம் இருக்கும். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கும் ஆய்வகமும் உண்டு. அதைக் காவல்துறையிடம் நீங்களே நேரடியாக வாங்கிக் கொடுக்க வேண்டும். நடுவில் ஆள் யாரும் வரமாட்டார்கள். செல்போனையே வாயிலில் வாங்கி வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு ஆய்வகம், வேலையை உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு அனுப்புமா?

கடிதத்தில் உள்ள விஞ்ஞானியின் பெயர் இணையத்தில் கிடைக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். மோசடிக்காரர்களும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஆய்வகத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். மின்னஞ்சல் முகவரி எதில் முடிகிறது என்று பாருங்கள். 'கவ்.இன்' (gov.in) அல்லது 'நிக்.இன்' (nic.in) கடைசியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்து, பின்னால் வேறொன்று ஒட்டியிருந்தால் போலி. சில ஆய்வு நிறுவனங்கள் 'ரெஸ்.இன்' (res.in) முகவரியையும் பயன்படுத்துகின்றன.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. அரசு என்று நேரடியாகச் சொல்லாது. "எம்எஸ்எம்இ பதிவு பெற்றது, ஐஎஸ்ஓ சான்று பெற்றது, கம்பெனி விவகார அமைச்சகப் பதிவு பெற்றது" என்று மூன்று முத்திரைகளை அடுக்கும். எம்எஸ்எம்இ பதிவு என்பது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவுதான், அது இலவசம். சொந்த அறிவிப்பின் பேரிலேயே கிடைத்துவிடும். தர விதிகளை வகுக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தானாக யாருக்கும் சான்று தருவதில்லை, வெளி முகமைகள்தான் தருகின்றன. அமைச்சகப் பதிவுக்கு அர்த்தம், அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பது மட்டுமே. இன்டர்ன்ஷிப் நடத்த அரசு கொடுத்த அனுமதியாக இவற்றில் எதையும் கொள்ள முடியாது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து வங்கிக் கணக்கில் இருக்கிறது. உதவித்தொகை போடுவதற்கு என்று பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் கார்டு கேட்டால் கொடுக்கவே கூடாது. மோசடிப் பணத்தைக் கைமாற்ற அந்தக் கணக்கு பயன்பட்டால், முடக்கப்படுவது உங்கள் கணக்கு, விசாரணைக்கு அழைக்கப்படுவது நீங்கள்தான். ஆதார் கேட்கும் இடத்தில், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகல் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறிவிடாதீர்கள். உரையாடல், பணம் பெற்றவரின் யுபிஐ முகவரி, அந்தப் பிடிஎஃப் எல்லாவற்றையும் முதலில் சேமியுங்கள். புகார் போனது தெரிந்தால் அவர்கள் குழுவையே அழித்துவிடுவார்கள்.

அந்தச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்திருந்தால், வைவாவுக்கு முன்பே துறைத் தலைவரிடம் நேராகச் சொல்லி, புகார் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். ரெஸ்யூமேயிலிருந்தும் எடுத்துவிடுங்கள். வேலைக்குச் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பில் அது போலி என்று தெரிந்தால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.